துட்டி வீட்டுக் கோடு

மலைக்குப் புதிதாக வந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கு ஊக்கம் தரும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் பழனி மலையில் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் என்பதால் என்னிடம் ஊக்கம் நிறைய மிச்சம் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. மிச்சம் இருப்பது முட்டி வலி. அதோடு நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. ஊசி எப்படிப் போடுவது, குளிர்பெட்டியில் ஐஸ் எப்படி அடுக்குவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்னால் நடந்தது. பாச்சலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து லயத்தில் சசி என்று ஆறு வயதுப் பையன் இருந்தான். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு. அங்கே பாதிக் குடும்பங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். சசிக்குத் தொண்டை வலி வந்தது. கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கழுத்து வீங்கிவிட்டது. கீழே கொண்டுபோனார்கள். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்திருப்பதைப் பார்த்த டாக்டர், இது தொண்டை அடைப்பான் என்றார். மறுநாள் பையன் இறந்துவிட்டான்.

அதே வாரம் கொடைக்கானல் டவுனில் ஜெனிபர் என்ற எட்டு வயதுப் பெண்ணுக்கும் அதே நோய். அவளுடைய அம்மா ஸ்டெல்லா ஒரு காட்டேஜில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர். ஜெனிபரை மதுரையில் சேர்த்திருந்தார்கள். லயத்துக்கும் கொடைக்கானலுக்கும் இடையில் பல மணி நேரப் பஸ் பயணம் இருக்கிறது. சசியின் குடும்பம் ஒரு பக்கம், ஜெனிபரின் குடும்பம் இன்னொரு பக்கம். சாதி வேறு, சாமி வேறு, ரேஷன் கடை வேறு. இரண்டு குழந்தைகளுக்கும் இடையில் என்ன தொடர்பு என்று யாருக்கும் தெரியவில்லை.

தொண்டை அடைப்பான் நெருங்கிப் பழகும்போது மூச்சிலும் இருமலிலும் பரவும். சிலருக்குத் தொண்டைக் கரகரப்போடு நின்றுவிடும். அவர்கள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதன் நஞ்சை முறிக்கிற ஊசி மருந்து உண்டு. சீக்கிரம் போட்டால் பிள்ளை பிழைக்கும். தாமதமாகப் போட்டால் மருந்து வீண், பிள்ளையும் போய்விடும். அதனால் மூன்றாவது குழந்தை எங்கே இருக்கிறது என்பதுதான் அன்றைக்கு எங்கள் முன்னால் இருந்த ஒரே கேள்வி. ஒரு குழந்தை இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது எந்த வீட்டில் என்பதுதான் தெரியவில்லை.

மாவட்டத்திலிருந்து ஒரு டாக்டரம்மாவை அனுப்பினார்கள். வயது முப்பதுக்குள். கையில் லேப்டாப், உடம்பில் மதுரைக் குளிருக்குப் போதுமான ஒரு ஸ்வெட்டர். வந்ததும் என்னிடம், "சிஸ்டர், நான் நோயாளிகளைப் பார்க்க வரல. நோயாளிகளுக்கு நடுவுல இருக்கிற கோட்டைப் பார்க்க வந்திருக்கேன்" என்றார். மேலிடத்திலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் இப்படி ஏதாவது சொல்வது வழக்கம் என்பதால் நான் டீ போடப் போய்விட்டேன்.

பிறகு அவர் எனக்கு விளக்கினார். பழைய மாதக் காலண்டர்களின் பின்பக்கத்தை ஒட்டி மேசை அளவுக்கு ஒரு தாள் செய்தார். ஒவ்வொரு ஆளும் ஒரு வட்டம். இரண்டு பேர் பக்கத்தில் இருந்து பேசினால், சேர்ந்து சாப்பிட்டால், இரண்டு வட்டத்துக்கும் இடையில் ஒரு கோடு. கிருமி கோட்டின் மேல்தான் நடக்கும், வெற்றுத்தாளைத் தாண்டாது. அதிகக் கோடு உள்ள ஆளைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. "ஆனா அவரை விட ஒருத்தர் முக்கியம் சிஸ்டர்" என்றார். "இந்தக் கூட்டத்துல ஒரு கால், அந்தக் கூட்டத்துல ஒரு கால் வச்சிருப்பாரு. அவருக்குக் கோடு ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். அவரு இல்லேன்னா நோய் ஒரு ஊரோட நின்னிருக்கும்."

இதைக் கண்டுபிடிக்க ஒரு படிவம் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். கடந்த இரண்டு வாரங்களில் சென்று வந்த வீடுகள், வந்து சென்ற விருந்தினர்கள் என்று கட்டம் கட்டமாக இருந்தது. இரண்டு நாள் அலைந்து நானும் இன்னும் இரண்டு செவிலியர்களும் அதை நிரப்பிக் கொடுத்தோம். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், சொந்தக் கருத்தைச் சேர்க்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொன்னதைச் சொன்னபடி எழுதினோம்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா பரபரப்பாக இருந்தார். எல்லாப் படிவங்களையும் லேப்டாப்பில் ஏற்றியதில், திரையின் நடுவில் பெரிய வட்டம் ஒன்று வந்திருந்தது. லயத்திலும் கோடு, கொடைக்கானலிலும் கோடு, எல்லாப் பக்கமும் கோடு.

"கிடைச்சிட்டாரு சிஸ்டர். ரெண்டு ஊர்லயும் எல்லார் வீட்டுக்கும் போயிருக்காரு. இவரை இன்னைக்கே பிடிச்சாகணும்."

"யாரு மேடம்?"

"மாமா."

நான் படிவக் கட்டை எடுத்துப் புரட்டினேன். மாமா வீட்டுக்குப் போனோம், மாமா வந்தாக, மாமாதான் பழம் வாங்கிட்டு வந்தாக என்று சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தோம். லேப்டாப் அத்தனை மாமாக்களையும் சேர்த்து ஒரே மாமா ஆக்கியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் கொஞ்சம் சிறிய வட்டமாக சித்தி இருந்தார்.

"மேடம், இவரு எங்க பக்கத்துல வீட்டுக்கு ரெண்டு பேரு இருக்காரு" என்றேன்.

அவர் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் மழையைப் பார்த்தார். திரும்பி வந்து, ஒவ்வொரு மாமாவுக்கும் பெயர் கேட்டு வாங்கி வரச் சொன்னார். அவர் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். மாமாவைப் பிடிக்கப் போய் ஒரு நாள் போய்விட்டது, ஒரு நாளைக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

மாமாக்களைப் பிரித்த பிறகு தாளில் இரண்டு கொத்துகள் மிஞ்சின. லயம் ஒரு கொத்து, டவுன் ஒரு கொத்து. நடுவில் ஒரு கோடும் இல்லை. ரோடு இல்லாத வெள்ளகவிக் கிராமத்துக்குக் குதிரையில் மூட்டை கொண்டுபோகிறவர்களை விசாரித்தோம். அவர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை. பழனிக்குப் போனீர்களா என்று எல்லாரையும் கேட்டோம். இந்த மலையில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று யார் சொல்வார்கள்? அதை அடித்துவிட்டோம். "நாம போடாத கோடு ஒண்ணு இருக்கு சிஸ்டர்" என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். ஊழியர்கள் எல்லாரும் அதே படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார். நானும் நிரப்பினேன். சென்று வந்த வீடுகள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த நாள் காலையில் லயத்துக்கு நோய் தடுக்கிற மாத்திரை கொடுக்கப் போனேன். சசியின் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சசியின் அத்தை ராணிதான் மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.

"சாப்பிடுதாளா?" என்று கேட்டேன்.

"காம்பராவ விட்டு வெளிய வரல நர்சம்மா" என்றாள் ராணி. அறையைக் காம்பரா என்று சொல்வது அவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவந்த பழக்கம். "அழக்கூட மாட்டேங்கிறாங்க. பெத்த பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. அன்னைக்கு ஜீப்காரரு துட்டியில அந்த அழுகை அழுதாங்க. எல்லாத்தையும் அங்கனயே அழுது தீத்துட்டாங்க போல."

இறந்தவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவதை எங்கள் பக்கத்தில் துட்டி என்போம். ஜீப்காரர் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தவர். மலையில் பஸ் சரியாக ஓடாத காலத்தில் வாடகை ஜீப் ஓட்டியவர். பிரசவ வலி எடுத்த பெண்களை இந்த மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோனதில் பாதி அவர் வண்டிதான். வயதாகி, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அவருக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை.

"ராணி, நீங்க ஜீப்காரர் துட்டிக்குப் போனீங்களா? எங்கயும் போகலன்னுதான சொன்னீங்க?"

"போகலதான். இது துட்டிங்களே. இதையும் போயிட்டு வந்ததுன்னா எழுதுவாக?"

"சசி வந்தானா?"

"அவுக மடியிலதான் இருந்தான்."

சென்னையிலோ டில்லியிலோ உட்கார்ந்து படிவம் எழுதுகிறவர்களுக்கு இது புரியாது. நமக்கே அன்றைக்குப் புரியவில்லை. துட்டி வீட்டில் யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து வெளியிலேயே தலையில் தண்ணீர் ஊற்றி, துணியை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். அப்படி நுழைந்த பிறகு அந்தப் பயணம் நம்மிடம் இருக்காது. 'சென்று வந்த வீடுகள்' என்று கேட்டால் யாருக்கும் துட்டி வீடு ஞாபகத்துக்கு வராது. துட்டி வீட்டுக்காரர்களைக் கேட்டாலும் விருந்தினர் யாரும் வரவில்லை என்பார்கள். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள்.

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். அவர் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த ஸ்டெல்லாவைப் போனில் கேட்டார். "ஆமா மேடம், ஜெனிபரக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அவ அந்த ஜீப்புலதான பொறந்தா. டெத்துக்குப் போறத யாரும் விசிட்டுன்னு சொல்ல மாட்டாங்கல்ல மேடம்" என்று பதில் வந்தது. ஜெனிபர் அந்த ஜீப்பில்தான் பிறந்தாள் என்பது எனக்கும் தெரியும். பின்சீட்டில் பிரசவம் பார்த்தது நான்.

பத்து மணிக்குள் ஜீப்காரர் வீட்டில் இருந்தோம். அவருக்கு ஒரே மகள், தனம். துட்டி வீட்டில் மகள் நடுவில் உட்கார்ந்திருப்பாள். வருகிற பெண் ஒவ்வொருத்தியும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்து அழுவாள். ஆண்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவார்கள். மலையில் எத்தனை பெண்கள் வந்தார்களோ அத்தனை பேரும் தனத்தின் மூச்சுக் காற்றில் அன்றைக்கு நின்றிருக்கிறார்கள். தொண்டை அடைப்பானைப் பரப்ப இதைவிடச் சிறந்த ஏற்பாடு ஒன்றை அரசாங்கமே நடத்தினாலும் செய்ய முடியாது.

தனம் பேசியபோது குரல் கரகரவென்று வந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அப்பா சாகுறதுக்கு மொத நாளே லேசா வலிச்சுச்சுங்க. பெறகு அழுது அழுது கட்டிக்கிருச்சு. துட்டி வீட்டுல எல்லாருக்கும் தொண்டை கட்டித்தான கெடக்கும்?"

உண்மை. வேறு எங்கே இருந்தாலும் யாராவது ஒருத்தர் தொண்டைக்கு என்ன என்று கேட்டிருப்பார்கள். டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார், பஞ்சுக் குச்சியில் சளி எடுத்தார், பிறகு நோட்டைத் திறந்தார். "யார் யார் உங்களைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க, ஞாபகம் இருக்கிறவரைக்கும் சொல்லுங்கம்மா."

"கண்ணுல தண்ணி மறைக்கயில நான் யாரக் கண்டேன்? எல்லாரும் வந்தாக" என்றாள் தனம்.

என்னை அவள் கவனிக்கவில்லை. நான் மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்து, மறுபடியும் எண்ணினேன். அப்போது மணி பன்னிரண்டு.

நானும் போயிருந்தேன். இருபது வருடம் அந்த ஜீப்பில் போனவள் எப்படிப் போகாமல் இருப்பேன்? தனத்தைக் கட்டிக்கொண்டு வெகு நேரம் அழுதேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். படிவத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பொய் சொல்லவில்லை, சத்தியமாக ஞாபகத்திலேயே வரவில்லை. படித்தவள், பயிற்சி பெற்றவள், படிவத்தை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியவள். ராணி சொன்ன காரணத்தை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

துட்டிக்குப் பிறகு நாலைந்து நாள் எனக்கும் தொண்டை கரகரத்தது. சுக்குக் காப்பி குடித்தேன். வேலைக்குப் போனேன். பாச்சலூருக்குக் கீழே ஒரு சிற்றூரில், பூஸ்டர் ஊசி விட்டுப்போன ஐந்து பிள்ளைகளுக்கு ஊசி போட்டேன். அந்த ஊரிலிருந்து துட்டிக்கு யாரும் வரவில்லை. அங்கே யாருக்கும் லயத்தோடும் தொடர்பில்லை, கொடைக்கானலோடும் தொடர்பில்லை. தொடர்பு என்று ஒன்று இருந்தால் அது நான்தான்.

இதை உடனே டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், முகக்கவசத்தை மட்டும் மூக்குக்கு மேல் நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். நான் உம், உம் என்றேன். சுகாதார நிலையத்துக்கு வந்ததும் அவர் தாளில் தனத்துக்குப் பெரிய வட்டம் போட்டு, அதிலிருந்து கோடு இழுக்கத் தொடங்கினார். நான் அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். அந்த அலமாரி நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒழுங்காகத்தான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயம்தான். மெமோ வரும், விசாரணை வரும். அதைவிட, நர்சம்மா நோயைக் கொண்டுவந்தாள் என்று மலை முழுக்கச் சொல்வார்கள். இருபத்தெட்டு வருடமாகக் கதவைத் தட்டாமல் உள்ளே போகிற வீடுகள் அவை. அதோடு, எனக்கு ஒன்றும் இருக்காது, வெறும் ஜலதோஷமாகத்தான் இருக்கும் என்று ஒரு சமாதானம் வேறு. ஊரில் எத்தனை பேரிடம் அதே சமாதானத்தைக் கேட்டுத் திட்டியிருக்கிறேன்!

நான்கு மணிக்குத் தடுப்பூசிப் பதிவேட்டை எடுத்து அந்த ஐந்து பெயர்களைப் பார்த்தேன். நான்காவது பெயர் முத்தரசு, வயது ஐந்து, தாய் பேச்சி. ஊசி போட்டதும் ஊரைக் கூட்டி அழுதவன். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, ஊசி போட்ட இடத்தில் வாயால் ஊதிவிட்டு, அழாதே அழாதே என்று சமாதானப்படுத்தினேன். தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி போடப் போனேன். அந்த ஊசி வேலை செய்ய நாளாகும். என் மூச்சுக்கு நாள் தேவையில்லை.

பதிவேட்டைக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.  முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை மணிக்கு ஞாபகம் வந்துச்சு சிஸ்டர்?"

"பன்னிரண்டு மணிக்கு மேடம்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார். "உங்க வட்டத்தை நீங்களே போடுங்க."

போட்டேன். வட்டம் முட்டை மாதிரி வந்தது. உள்ளே என் பெயரை எழுதினேன். தனத்திலிருந்து எனக்கு ஒரு கோடு, என்னிடமிருந்து ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து கோடு. அதுவரை தாளில் இல்லாத மூன்றாவது ஊர் ஒன்று முளைத்தது. டாக்டரம்மா அதற்குள் வண்டிக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

அந்த ஊருக்கு நானும் போக வேண்டியிருந்தது, வீடுகள் எனக்குத்தான் தெரியும். ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. எனக்கும் சளி எடுத்து, மாத்திரை கொடுத்து, இரண்டு முகக்கவசம் போட்டு, ரோட்டு வளைவில் நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து கையை நீட்டிக் காட்டினேன். அந்த நீலக் கதவு. அதுக்கு அடுத்தது. தண்ணித் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீடு. டாக்டரம்மா ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். முதல் மூன்று பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. ஓட்டு வீட்டில் பேச்சி வெளியே வந்து பேசியது எனக்கு அங்கே கேட்டது.

"வெளியாளு யாரும் வரலைங்களே."

"காய்ச்சல் யாருக்காவது?"

"பையனுக்கு நேத்துல இருந்து லேசா மேலு சுடுது. முழுங்க மாட்டேங்கிறான். ஊசி போட்டா காயத்தான செய்யும்? நர்சம்மா சொல்லிட்டுத்தான் போனாக."

டாக்டரம்மா உள்ளே போனார். போனவர் வெரசாக வெளியே வந்தார், முத்தரசு அவர் தோளில் இருந்தான். பேச்சி செருப்பில்லாமல் பின்னால் ஓடி வந்தாள். என்னைத் தாண்டி வண்டி போகும்போது பேச்சி என்னைப் பார்த்து, "நர்சம்மா, என்னன்னு கேளுங்க நர்சம்மா" என்று கத்தினாள். எனக்கு அந்த வண்டியில் இடமில்லை. 

முத்தரசுவின் தொண்டையில் அப்போதுதான் ஆடை படரத் தொடங்கியிருந்தது. நஞ்சுமுறி மருந்து அன்றே போட்டார்கள். பிழைத்துக்கொண்டான். சில வாரம் பால் குடித்தால் மூக்கு வழியாக வந்தது, பேச்சு மூக்கால் வந்தது. இந்த நோய் போகும்போது இப்படி ஏதாவது செய்துவிட்டுத்தான் போகும். பிறகு சரியாகிவிட்டது. மற்ற நான்கு பிள்ளைகளுக்கும் ஒன்றும் வரவில்லை. ஜெனிபரும் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் சளியில் கிருமி இருந்தது, தனத்தின் சளியிலும் இருந்தது. சசியின் அம்மா பின்னால் எப்போதோ ஒருநாள் அழுததாக ராணி சொன்னாள்.

அந்த நான்கு மணி நேரம் முன்னால் சொல்லியிருந்தால் பையனுக்குப் பால் மூக்கில் வராமல் இருந்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியாது சிஸ்டர்" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம், அவருக்கு ஒன்றும் குறைந்திருக்காது. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. படிவத்தில் துட்டிக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று டாக்டரம்மா மேலே எழுதிப் போட்டார். அடுத்த முறை அச்சாகி வந்தபோது அந்தக் கட்டம் இருந்தது: 'துக்க நிகழ்வுகளில் பங்கேற்பு.' ஒருவரும் அதில் டிக் செய்யவில்லை. அதனால் படிவத்தை நம்பாமல் வாயால் கேளுங்கள். யார் துட்டிக்குப் போனீங்க, சடங்குக்குப் போனீங்க, எங்கே கட்டிப் பிடிச்சு அழுதீங்க என்று அவரவர் வார்த்தையில் கேளுங்கள். தாளை எடுத்ததும் முதல் வட்டத்தை உங்களுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மலையில் எல்லா வீட்டுக்கும் போகிற ஆள் நீங்கள்தான். உங்களை யாரும் வெளியாள் என்று சொல்ல மாட்டார்கள், அதனால் எந்தத் தாளிலும் உங்கள் பெயர் தானாக வராது.

முத்தரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, என் சளியில் கிருமி இல்லை என்று இரண்டு முறை எழுதி வாங்கிக்கொண்டு பேச்சி வீட்டுக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. வெளியே நின்றபடியே, உன் பையனுக்கு நோய் என்னிடமிருந்துதான் வந்தது என்று சொன்னேன். துட்டி, கரகரப்பு, பன்னிரண்டு மணி, நான்கு மணி எல்லாவற்றையும் சொன்னேன்.

பேச்சி முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை உரித்தாள். "ஊசி போட வந்து நோவப் போட்டுட்டுப் போயிருக்கீக" என்றாள். ஆமாம் என்றேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். சத்தம் வராமல்தான் சாத்தினாள்.

அடுத்த மாதம் அவளுடைய கைக்குழந்தைக்கு ஊசி போடும் முறை வந்தது. வேறு செவிலியரை அனுப்பலாமா என்று கேட்டார்கள். நானே போனேன். பேச்சி வாசலில் வழியை மறித்து நின்றாள். இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து அதன் லைட்டைப் போட்டாள்.

"வாயத் தொறங்க நர்சம்மா."

திறந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாக்கைக் கீழே அமுக்கச் சொன்னாள், அமுக்கினேன். வலப்பக்கம், இடப்பக்கம் என்று நிதானமாகப் பார்த்தாள். பிறகு வழியை விட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் இதுதான். ஒரு வருடம் ஆனது, இரண்டு வருடம் ஆனது, அவளுக்கு என் மேல் இருந்த கோபமெல்லாம் போய் மொச்சை கட்டிக் கொடுத்து அனுப்புகிற அளவுக்கு வந்துவிட்டாள். ஆனால் லைட் அடித்துப் பார்க்காமல் ஒரு தடவைகூட உள்ளே விட்டதில்லை. நானும் காட்டாமல் நுழைந்ததில்லை. எனக்கு மேலதிகாரிகள் பல பேர் இருந்திருக்கிறார்கள். என்னை ஒழுங்காகச் சோதனை செய்தது பேச்சி ஒருத்திதான்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் கடைசியாக அந்த வீட்டுக்குப் போனேன். பேச்சி சோலியாக வெள்ளனே தோட்டத்துக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தது முத்தரசு, ஒன்பது வயது, முன்பல் இரண்டு பெரிதாக முளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தான். உள்ளே திரும்பிப் போய்ச் செல்போனை எடுத்துக்கொண்டு வந்தான். எட்டவில்லை என்று படியில் ஏறி நின்றுகொண்டான்.

"ஆ காட்டுங்க நர்சம்மா."

குனிந்து காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல" என்றான். "உள்ள வாங்க."